முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்! பழைய பிக்கப் வண்டியைச் செப்பனிடப் புகுவோர்க்கு ஒரு பாடம்

எந்திரம் என்பது கண்டு அஞ்சத்தக்க பொருளன்று. முறையறிந்து அணுகுவோர்க்கு அது பணிந்து நடக்கும். முறையறியாது தொடுவோர்க்கு ஊறு விளைக்கும். நம் தோட்டங்களில் கொட்டகையின் ஓரத்திலோ மரத்தடியிலோ பல்லாண்டுகளாகக் கிடக்கும் பழைய பிக்கப் வண்டிகளைக் காணாதார் இலர். அவற்றுள் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, ஓய்வு நேரத்தில் தம் கையாலேயே செப்பனிட்டு ஓட்டவேண்டும் என்னும் ஆவல் நம் இளைஞர் பலருக்கு உண்டு. அது நல்ல ஆவலே. நள்ளிரவில் ஒரு தாயை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கவும், காய்கறியைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் ஒரு வண்டி உதவுமாயின், அதனால் ஒரு குடும்பமே தலைநிமிரும். ஆனால் அந்த வேலையை எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் செய்வது என்பதை அறியாதவர்கள் பணத்தை இழக்கின்றனர்; சிலவேளை உயிருக்கே ஊறு தேடிக்கொள்கின்றனர். அந்த வரிசையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புக்கிட் பாஞ்சாங் அருகே ஒரு பழைய தொழிற்சாலை

வரிசை என்பதன் அருமையை உணர்த்தும் இடம் ஒன்று சிங்கப்பூரில் உள்ளது. புக்கிட் பாஞ்சாங் என்னும் மலாய்ப் பெயருக்கு 'நீண்ட குன்று' என்பது பொருள். நகரிலிருந்து பத்தாவது மைலில் அமைந்தமையால் பத்தாம் மைல் என்றும் அவ்வூரை அழைத்தனர். இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த புதுநகராக அது விளங்குகிறது. அதற்குச் சற்றுத் தெற்கே, மேல் புக்கிட் தீமா சாலையின் ஓரத்தில், ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் பழைய தொழிற்சாலைக் கட்டடம் நிற்கிறது.

மலாயா ஃபோர்டு நிறுவனம் 1926ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் எங்கோர் தெருவிலிருந்த ஓர் இரண்டுமாடிக் கட்டடத்தில் தன் பணியைத் தொடங்கியது. 1941 அக்டோபரில் புக்கிட் தீமாவில் கட்டப்பெற்ற புதிய தொழிற்சாலைக்கு மாறியது. தென்கிழக்காசியாவின் முதல் மோட்டார் வாகன இணைப்புத் தொழிற்சாலை எனப் போற்றப்படுவது இதுவேயாகும். நான்கு மாதங்களுக்குள் போர் அதன் வாயிலுக்கே வந்துவிட்டது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமாஷித்தாவிடம் சரணடைவு ஆவணத்தில் ஒப்பமிட்டது இந்தக் கட்டடத்திற்குள்ளேதான். ஜப்பானியர் ஆட்சியில் அங்கே படைக்கு வேண்டிய லோரிகள் பூட்டப்பெற்றன. போர் முடிந்து, 1947இல் ஃபோர்டு வண்டிகளின் இணைப்பு மீண்டும் தொடங்கியது. 1980 ஜூனில் தொழிற்சாலை மூடப்பட்டது. 2006ஆம் ஆண்டில் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பெற்று, போர்க்கால வரலாற்றைக் கூறும் காட்சியகமாக இன்று அது திகழ்கிறது.

வரலாற்றை எடுத்துரைப்பதோடு நாம் நின்றுவிடுவதற்கில்லை. 'இணைப்புத் தொழிற்சாலை' என்னும் சொல்லைக் கவனிக்கவேண்டும். வண்டியின் உறுப்புகள் வேற்று நாடுகளில் செய்யப்பெற்று, பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கப்பலேறி வரும். அவற்றை உரிய வரிசையில் பூட்டி முழு வண்டியாக்குவதே இத்தகைய தொழிற்சாலையின் வேலை. முதலில் சட்டகம், அதன்மேல் அச்சுகளும் வில்தகடுகளும், பிறகு எஞ்சினும் கியர்ப்பெட்டியும், இறுதியில் கூடும் பின்தட்டும். இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாகவே ஒரு வண்டி உருவாகிறது.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1913ஆம் ஆண்டில் நகரும் இணைப்பு வரிசையைப் புகுத்தினார். அதனால், பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் பிடித்த ஒரு காரின் அடிப்பாக இணைப்பு, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. தொழிலாளர் திடீரென வேகம் பெற்றமையால் நிகழ்ந்த மாற்றமன்று அது. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பது தீர வகுக்கப்பட்டமையால் விளைந்த பயனாகும்.

அங்கே ஒரு தொழிலாளி ஒரு வேலையை மட்டும் செய்தார். பழைய வண்டியைச் செப்பனிடப் புகும் நாமோ, அந்த வரிசை முழுவதையும் ஒற்றை ஆளாகச் சுமக்கிறோம். ஆகவே அவர்களைவிட நமக்கே வரிசையறிவு மிகுதியும் வேண்டும்.

வாங்குமுன் காணவேண்டியவை

வண்ணப்பூச்சின் பளபளப்பில் மயங்கலாகாது. முதற்கண் தாளைப் பார்க்கவேண்டும். 'கிராண்ட்' என்று நாம் வழங்கும் பதிவுச் சான்றிதழில் உள்ள சட்டக எண்ணும் எஞ்சின் எண்ணும், வண்டியில் பொறிக்கப்பட்டுள்ள எண்களோடு ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாத வண்டியை இலவசமாகத் தந்தாலும் ஏற்கலாகாது. பதிவு இரத்தான வண்டியாயின், அதை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர இயலுமா என்பதைச் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே பணம் கொடுத்தல் நலம். சிங்கப்பூரில் சரக்கு வண்டிகளின் ஆயுளுக்கு 20 ஆண்டு என்று சட்டமே வரம்பு கட்டியுள்ளது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி விதிகள் உண்டு என்பதை மறத்தலாகாது.

அடுத்து, சட்டகத்தைப் பார்க்கவேண்டும். சிறு சுத்தியலால் அதன் நெடுகிலும் மெல்லத் தட்டிச் செல்க. நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். துரு தின்ற இரும்பு மந்தமாக ஒலிக்கும். வில்தகடுகள் பூட்டப்பெற்ற இடங்களிலும், சேறு தங்கும் மூலைகளிலும் தனிக்கவனம் வேண்டும். எஞ்சின் கெட்டிருந்தால் மாற்றலாம். கதவு உளுத்திருந்தால் வேறு கதவு தேடலாம். சட்டகமே உளுத்துப்போன வண்டியைத் தொடக்கநிலையில் உள்ளோர் தொடாதிருப்பதே அறிவுடைமை.

கருவிகளும் காப்பும்

தொடங்குவதற்குப் பெரும் பட்டறை தேவையில்லை. ஒரு தொகுதி ஸ்பானர்கள், திருப்புளிகள், குறடு, சுத்தியல், ஜாக்கி, நான்கு உறுதியான இரும்புத் தாங்கிகள், மின்னோட்டம் பார்க்கும் மீட்டர், அந்த வண்டிக்குரிய பழுதுபார்ப்பு நூல் ஆகியவை போதும். இவற்றுள் அந்த நூலே தலையாய கருவியாகும். எந்த மரையை எவ்வளவு முறுக்குவது, எந்த இடைவெளி எவ்வளவு என்பனவற்றை ஊகத்தால் அறிய முடியாது.

காப்பு விதிகள் நான்கினை மனத்திற் பதித்தல் வேண்டும்.

ஒன்று: ஜாக்கியால் மட்டும் தூக்கப்பட்ட வண்டியின் கீழ் ஒருபோதும் புகலாகாது. சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை இறக்கிய பின்னரே கீழே செல்லவேண்டும். செங்கல்லையும் சிமெண்டுக் கல்லையும் தாங்கியாகக் கொள்ளுதல் கூடாது. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

இரண்டு: மின்கம்பிகளைத் தொடுமுன் பேட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றிவிடவேண்டும்.

மூன்று: பெட்ரோல் திறந்திருக்கும் இடத்தில் சிகரெட்டும் தீப்பொறியும் ஆகா. காலியான பெட்ரோல் தொட்டியில் பற்றவைப்பு வேலை செய்ய எவரும் துணியலாகாது. நீர்மம் வற்றிய தொட்டியில் ஆவி நிறைந்திருக்கும், அது வெடிக்கும்.

நான்கு: பழைய வண்டிகளின் பிரேக் பட்டைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. ஆகவே பிரேக் டிரம்முக்குள் இருக்கும் தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதலாகாது. மூக்கையும் வாயையும் தக்க முகமூடியால் மூடிக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்தவேண்டும்.

கழற்றும் கலை

புதியவர்கள் செய்யும் பெரும்பிழை, முதல் நாளிலேயே வண்டியை முழுதும் கழற்றிப் போட்டுவிடுவதாகும். ஒரு வாரத்தில் எந்த மரை எங்கிருந்து வந்தது என்பது மறந்துபோகும். ஒரு மாதத்தில் ஆர்வமும் குன்றும். இறுதியில் எஞ்சுவது இரும்புக் குவியல். இதற்கு மாற்று எளிது. ஒரு சமயத்தில் ஒரு பகுதியை மட்டுமே கழற்றவேண்டும். அதைத் துடைத்து, சீர்செய்து, மீண்டும் பூட்டிய பிறகே அடுத்த பகுதியைத் தொடவேண்டும். கழற்றுமுன் கைப்பேசியால் ஒரு படம் பிடித்துக்கொள்க. கழற்றிய மரைகளைப் பழைய பால்மாவு டின்களில் பிரித்து இட்டு, ஒவ்வொரு டின்னின்மேலும் இடத்தின் பெயரை எழுதி ஒட்டுக. ஒரு குறிப்பேட்டில் வரிசை எண்ணிட்டு எழுதி வருக. கடைசியாகக் கழற்றியதை முதலில் பூட்டவேண்டும். பெட்டிகளில் வந்த உறுப்புகளை வண்டியாக்கிய தொழிற்சாலையின் நெறி நமக்கும் உரியதே.

துருவேறிய மரையை வலிந்து திருகினால் தலை முறியும். துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஓரிரவு ஊறவைத்து மறுநாள் முயலவேண்டும். பொறுமை நம் தொழிலாளர்க்குப் புதிதன்று. உளியை ஆழ விட்டால் மரம் காயம்படும், மேலாக விட்டால் பால் குறையும் என்பதை அறிந்து, மில்லிமீட்டர்க் கணக்கில் பட்டை சீவும் கை நம் கை. ஹென்றி ரிட்லி என்னும் தாவரவியலாளர் 1890களில் சிங்கப்பூர்ப் பூங்காவில் ஆராய்ந்து வகுத்த பால்வெட்டு முறையை, நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் செய்து காட்டியவர்கள் நம் முன்னோர். அத்தகைய கைக்கு ஸ்பானரின் அளவறிவது அரிதாகாது.

முதல் வேலை பிரேக்

இனி இப்பாடத்தின் உயிர்நிலைக்கு வருவோம். புதியவர் எவரும் முதலில் எஞ்சினை உறுமவைக்கவே விரும்புவர். எஞ்சின் ஓடிவிட்டால் உடனே ஏறி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும் ஆசை எழும். அந்த ஆசைதான் விபத்தின் வாயில். ஓடாத வண்டியால் எவர்க்கும் தீங்கில்லை. நிற்காத வண்டியாலேயே தீங்கு. மேடும் பள்ளமும் செம்மண் சறுக்கலும் உடைய தோட்டப் பாதையில் இது இருமடங்கு உண்மை. ஆதலால் பிரேக்கைச் சீர்செய்து முடிக்கும்வரை எஞ்சினைத் தொடுவதில்லை என உறுதி பூணுதல் வேண்டும்.

பிரேக் மிதியை அழுத்தும்போது தலைமைச் சிலிண்டரிலுள்ள நீர்மம் குழாய்கள் வழியே ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சிறு சிலிண்டருக்குத் தள்ளப்படுகிறது. அங்குள்ள பிஸ்டன்கள் பட்டைகளை அகற்றி டிரம்மின்மேல் அழுத்துகின்றன. அந்த அழுத்தம் கசியாமல் காப்பது எது? சிறு ரப்பர்க் கிண்ணங்கள். விரல்நுனி அளவேயான அந்த ரப்பரின்மேல்தான் வண்டியிலுள்ளோர் அனைவரின் உயிரும் நிற்கிறது. மிகப் பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே நீர்மப் பாதைதான் உண்டு. ஒரு சக்கரத்தில் கசிந்தால் நான்கிலும் பிரேக் அற்றுப்போகும்.

ரப்பரின் இயல்பை அறிந்தவர்க்கு இங்கு ஓர் உண்மை விளங்கும். இயற்கை ரப்பர் பெட்ரோலிலும் எஞ்சின் எண்ணெயிலும் ஊறினால் உப்பும்; உப்பினால் வலுவிழக்கும். ஆகவே பிரேக் சிலிண்டரில் எஞ்சின் எண்ணெயை ஒரு துளியும் விடலாகாது. அவ்வுறுப்புகளைப் பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவவும் கூடாது. பிரேக்கிற்கென உரிய நீர்மத்தையே பயன்படுத்தவேண்டும். பெரும்பாலான வண்டிகளுக்கு டாட் 3 அல்லது டாட் 4 வகை உரியது; எது என்பதை வண்டியின் நூல் கூறும்.

அந்த நீர்மம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. புதிய டாட் 3 நீர்மம் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திலேயே கொதிக்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 பாகையாகக் குறைகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகும். ஆவியை அழுத்தினால் சுருங்கும், மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. நம்மைப் போன்ற மழைநாட்டில் ஈராண்டுக்கு ஒருமுறை நீர்மத்தை மாற்றுவது வீண்செலவன்று. மூடி திறந்து நெடுநாள் கிடந்த டின்னிலிருந்தும் அதை ஊற்றலாகாது. அது வண்ணப்பூச்சை அரிக்கும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

பல்லாண்டு கிடந்த வண்டியில் ரப்பர்க் கிண்ணங்களையும், முன்சக்கரத்திற்குச் செல்லும் ரப்பர்க் குழாய்களையும் புதியனவாக மாற்றிவிடுதலே தகும். சிலிண்டரின் உட்சுவரில் துருக்குழி விழுந்திருந்தால் சிலிண்டரையே மாற்றவேண்டும். இரும்புக் குழாய்களில் துருக்கண் தோன்றியிருப்பின் அவற்றிற்கும் அதே விதி. எண்ணெய் பட்ட பிரேக் பட்டை துடைத்தாலும் தேறாது.

பூட்டி முடித்ததும் குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றவேண்டும். இதற்குத் துணையாள் ஒருவர் வேண்டும். பொதுவாகத் தலைமைச் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். வலப்பக்கம் ஓட்டும் நம் வண்டிகளில் அது இடப் பின்சக்கரமாகும். வடிமரையில் ஒரு சிறு குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையை நீர்மம் உள்ள கண்ணாடிப் புட்டியில் அமிழ்த்துக. துணையாள் மிதியை மெல்ல அழுத்தியதும் வடிமரையைத் திறக்கவேண்டும். மிதி கீழே இருக்கும்போதே அதை மூடவேண்டும். அதன் பின்னரே மிதியை விடவேண்டும். குமிழிகள் நிற்கும்வரை இவ்வாறு செய்க. இடையில் மேல்கலம் வற்றிவிட்டால் முதலிலிருந்து தொடங்க நேரும். முடிவில் மிதி கல்போல் உறுதியாக நிற்கவேண்டும். பஞ்சுபோல் அமுங்குமாயின் உள்ளே காற்று உள்ளது என்பது பொருள்.

இவ்வளவும் செய்தபின், அனுபவமிக்க மெக்கானிக் ஒருவரை அழைத்து நம் வேலையைச் சோதிக்கச் செய்தல் வேண்டும். இதில் வெட்கத்திற்கு இடமில்லை. பிறர் உயிர் சம்பந்தப்பட்ட வேலையை இருவர் கண்ணால் பார்ப்பதே முறை.

திருப்பும் உறுப்புகளும் டயர்களும்

நிற்கும் ஆற்றலுக்கு அடுத்தது திரும்பும் ஆற்றல். முன்பகுதியைத் தூக்கித் தாங்கியில் நிறுத்தி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கவேண்டும். ஆட்டம் இருந்தால் பேரிங்கோ மூட்டோ தேய்ந்துள்ளது. பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ஸ்டியரிங் இணைப்புகளின் தேய்மானம் புலப்படும்.

டயரின் பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று மகிழ்தல் போதாது. ஓடாமலே கிடந்த டயரும் மூப்படையும். வெயிலும் காற்றும் பட்டுப் பக்கச்சுவரில் வெடிப்புகள் தோன்றும். 2000ஆம் ஆண்டு முதல் செய்யப்பெற்ற டயர்களின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 1219 என்றால் 2019ஆம் ஆண்டின் 12ஆம் வாரம் என அறிக. வெடித்த டயரை எவ்வளவு பள்ளம் இருந்தாலும் நீக்கிவிடுக.

பின்னரே எஞ்சின்

எஞ்சின் ஓடுவதற்கு வேண்டியவை நான்கு: காற்று, எரிபொருள், உள்ளழுத்தம், உரிய நேரத்தில் எழும் தீப்பொறி. எந்தக் கோளாறும் இந்நான்கனுள் ஒன்றின் குறைவே.

நெடுநாள் கிடந்த எஞ்சினைச் சாவி திருகி உடனே இயக்கலாகாது. உள்ளே துருப்பிடித்த வளையங்கள் உடையக்கூடும். முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிதளவு எஞ்சின் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைக்கவேண்டும். பிறகு முன்புறக் கப்பியின் மரையில் ஸ்பானரை இட்டுக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்கவேண்டும். தடையின்றிச் சுற்றினால் பாதி வெற்றி. பழைய எண்ணெயை வடித்து, வடிகட்டியை மாற்றி, புதிய எண்ணெய் ஊற்றுக. ரேடியேட்டரைக் கழுவி நீர் நிரப்புக. அதன்பின் உள்ளழுத்த மானியால் ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்து எழுதுக. ஒன்று மட்டும் மிகக் குறைந்திருந்தால் அங்கே வால்வோ வளையமோ பழுதென்று கொள்க.

தொட்டியிலுள்ள பழைய பெட்ரோல் பிசினாக மாறியிருக்கும். அதை வடித்துவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவவேண்டும். அதன் நுண்துளைகளை இரும்புக் கம்பியால் குத்தலாகாது; துளை பெரிதானால் எரிபொருள் கணக்குக் கெடும். காற்றால் ஊதுதலே போதும். பழைய வண்டியின் பாயிண்டுகளைத் தூய்மைசெய்து, நூல் கூறும் இடைவெளியில் நிறுத்துக.

எஞ்சின் இயங்கியதும் கண் முதலில் செல்லவேண்டிய இடம் எண்ணெய் விளக்கு. அது சில நொடிகளில் அணையாவிடில் எஞ்சினை உடனே நிறுத்துக. அணைந்தால் சூட்டையும் கசிவையும் கவனிக்கலாம். மீட்டரில் பேட்டரி முனைகளுக்கிடையே ஏறத்தாழ 14 வோல்ட் காட்டினால் மின்னூட்டம் சரியாக நடைபெறுகிறது எனலாம்.

சாலைக்குச் செல்லுமுன்

விளக்குகள், ஹாரன், துடைப்பான், இருக்கைப்பட்டை ஆகியவற்றைச் சீராக்கி, உரிய சோதனை நிலையத்தில் வண்டியைக் காட்டி, காப்புறுதியும் சாலை வரியும் பெற்ற பின்னரே பொதுச்சாலையில் இறங்கவேண்டும். வண்ணம் தீட்டுவது எல்லாவற்றிற்கும் கடைசி. மற்றொன்றும் கூறவேண்டும். பிக்கப்பின் பின்தட்டு சரக்குக்கு உரியது. பள்ளிப் பிள்ளைகளையோ வேலையாட்களையோ அதில் ஏற்றிச் செல்லும் பழக்கம் அடியோடு ஒழியவேண்டும்.

இந்த வேலை ஒரு வண்டியோடு முடிவதன்று. ஒரு வண்டியை முழுதும் அறிந்தவர் ஒரு தொழிலை அறிந்தவராவார். அந்த அறிவைச் சான்றிதழாக்கிக்கொள்ள மலேசியாவில் கியாட்மாரா மையங்களும் தொழிற்பயிற்சிக் கழகங்களும் உள்ளன. மலேசியத் திறன் சான்றிதழ் பெற்ற மெக்கானிக்கிற்குத் தோட்டத்திலும் நகரத்திலும் மதிப்புண்டு. மரம் வெட்டப்பட்டு நிலம் கைமாறும் காலத்தில் ஒருவரோடு கூடவே செல்லும் உடைமை அவர் கைத்தொழில் ஒன்றே.

உலகெங்கும் ஓடும் டயருக்குப் பால் தந்தவர்கள் நாம். ஹென்றி ஃபோர்டு தமக்கு வேண்டிய ரப்பரைத் தாமே விளைவிக்கக் கருதி, 1928இல் பிரேசில் காட்டில் பெருந்தோட்டம் அமைத்தார். இலைநோயும் நிருவாகக் குறைகளும் அம்முயற்சியைக் கெடுத்தன. 1945இல் அது கைவிடப்பட்டது. பெருஞ்செல்வராலும் ஆகாத வேலையைப் பல தலைமுறையாகச் செய்துவரும் கைகளுக்கு, அந்த ரப்பரின்மேல் ஓடும் வண்டியைச் செப்பனிடுவது எட்டாத கலையன்று. வரிசையை மட்டும் மறவாதிருப்போம்: முதலில் சட்டகம், அடுத்துப் பிரேக், பிறகு திருப்பமும் டயரும், அதன்பின் எஞ்சின், கடைசியில் வண்ணம். நிறுத்தக் கற்றபின் ஓட்டப் புகுவோமாக!